சாம்பல் நிறத் திரையின் கதை

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள். கடைசியில் உங்களில் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

முழங்கால் வலி வந்ததிலிருந்து மாடி ஏறுவது எனக்குப் பெரும்பாடு. ஆண்டு விழாப் படங்கள், நீங்கள் ஐந்தாம் வகுப்பில் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைகள், சுற்றுலா போன படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்து வைத்திருக்கும் பழைய கம்ப்யூட்டர் மாடி அறையில்தான் இருக்கிறது. என்னிடம் படித்த ஒருவன் வந்து அதில் லினக்ஸ் போட்டான். பெயர் போட வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். கீழே இருக்கும் லேப்டாப்பில் மாடிக் கம்ப்யூட்டரின் திரை தெரியும்படி ‘வி.என்.சி.’ என்ற ரிமோட் டெஸ்க்டாப் சர்வரையும் நிறுவினான். “இனிமே மாடி ஏற வேண்டாம் டீச்சர்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஆசையாகத் திறந்தேன். திரை முழுவதும் சாம்பல் நிறம். நடுவில் பெருக்கல் குறி போல ஒரு சுட்டி. அதை நகர்த்தினால் நகர்கிறது. மற்றபடி ஒரு கோப்பும் இல்லை, ஒரு படமும் இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இருபது வருடப் படங்கள். உடனே போன் போட்டு, “எல்லாத்தையும் அழிச்சிட்டியாடா? தெரியாத வேலைல ஏன்டா கை வைக்கிற?” என்று கேட்டுவிட்டேன். இன்னும் சிலவும் சொன்னேன். அவற்றை இங்கே எழுத மாட்டேன்.

அவன் கோபப்படவில்லை. “ஒண்ணும் போகல டீச்சர். அது வெறும் பலகை. அதுல இன்னும் யாரும் எழுதல, அவ்வளவுதான்” என்றான். மறுநாள் காலை வந்தான். ஒரே ஒரு வரி தட்டினான். சர்வரை நிறுத்தி மறுபடி தொடங்கினான். என் படங்கள் அத்தனையும் வந்து நின்றன.

‘வெறும் பலகை’ என்று அவன் சொன்னது என் மனதிலேயே நின்றுவிட்டது. எழுதாத பலகையை மட்டும் காட்டிவிட்டு நிற்கும் ஒரு பொருளை எவனாவது வேண்டுமென்றே செய்வானா? செய்திருக்கிறார்கள். ஒரு மாதமாகத் தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டதை உங்களுக்கு வரலாற்றுப் பாடமாகவே சொல்கிறேன்.

முதலில் வரைபடத்தை விரியுங்கள். இந்தப் பாடத்தில் இரண்டு கேம்பிரிட்ஜ்கள் உண்டு. ஒன்று அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். மற்றொன்று இங்கிலாந்தில். நம் கதையின் முன்பாதி முதல் ஊரில் நடக்கிறது, பின்பாதி இரண்டாம் ஊரில்.

அமெரிக்கக் கேம்பிரிட்ஜில் உள்ள எம்.ஐ.டி.யில் 1983ஆம் ஆண்டு ‘புராஜெக்ட் அதீனா’ என்ற திட்டம் தொடங்கியது. மாணவர் எந்த அறையில், எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் தன் கோப்புகளும் வேலையும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். டெக், ஐ.பி.எம். என்ற இரண்டு நிறுவனங்கள் கணினிகள் கொடுத்தன. இரண்டும் வெவ்வேறு வகை. ஒன்றுக்காக எழுதிய படத்திரை நிரல் மற்றதில் ஓடாது. எல்லா வகைத் திரைக்கும் பொதுவாக ஒரு ஏற்பாடு தேவைப்பட்டது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘டபிள்யூ’ என்ற பெயரில் ஒரு விண்டோ அமைப்பு ஏற்கெனவே இருந்தது. எம்.ஐ.டி.யின் பாப் ஷைஃப்லர் 1984இல் அதை எடுத்து, வேகம் கூடும்படி திருத்தி எழுதினார். அதீனாவில் இருந்த ஜிம் கெட்டிஸும் சேர்ந்துகொண்டார். ஆங்கில அகரவரிசையில் டபிள்யூவுக்கு அடுத்தது எக்ஸ். ஆகவே புதியதற்கு ‘எக்ஸ்’ என்றே பெயர் வைத்தார்கள். 1987 செப்டம்பரில் அதன் பதினோராம் பதிப்பு வந்தது. கணினி உலகில் ஐந்து வருடம் என்பதே ஒரு தலைமுறை. அந்தப் பதினோராம் பதிப்பின் அடிப்படையோ இன்றும் லினக்ஸ் கணினிகளில் ஓடுகிறது.

இந்த எக்ஸைச் செய்தவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். என் சாம்பல் திரைக்குக் காரணமே அந்த முடிவுதான். பலகையும் சாக்பீஸும் நாங்கள் தருவோம், அதில் யார் எழுதுவது, எங்கே கோடு போடுவது, எப்படி அழகுபடுத்துவது என்பதில் தலையிட மாட்டோம் என்றார்கள். ஜன்னல்களை நகர்த்துவதும் ஓரம் கட்டுவதும்கூட ‘விண்டோ மேனேஜர்’ என்ற தனி நிரலின் வேலை. மெனு, ஐகான், பின்னணிப் படம் எல்லாம் அதற்கும் மேலே வரும் டெஸ்க்டாப்பின் வேலை. விண்டோஸிலும் மேக்கிலும் இவை ஒன்றாக ஒட்டியே வருவதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. எக்ஸ் ஓடும் கணினிகளில் இவை தனித்தனி. லினக்ஸில் பத்து விதமான டெஸ்க்டாப் இருப்பதற்கும் காரணம் இதுதான். எக்ஸ் எழுந்து நின்று, டெஸ்க்டாப் எழாமல் போனால் காலியான திரை மட்டும் தெரிவதற்கும் காரணம் இதுதான். அந்தக் காலி முகம் பழைய பதிப்புகளில் சாம்பல் புள்ளிகளும் பெருக்கல் குறியும். புதியவற்றில் பெரும்பாலும் கறுப்பு.

இன்னொரு விஷயமும் என்னைக் குழப்பியது. ‘சர்வர்’ என்றால் எங்கோ இருக்கும் பெரிய கணினி என்றுதான் நினைத்திருந்தேன். எக்ஸில் அது தலைகீழ். திரையும் விசைப்பலகையும் யாரிடம் இருக்கிறதோ, அதுதான் சர்வர். படம் வரையச் சொல்லிக் கேட்டு வரும் நிரல்தான் க்ளையண்ட், அது வேறு கணினியில் ஓடினாலும் சரி. பலகை வைத்திருப்பவர் சேவை செய்கிறார், எழுத வருபவர் வாடிக்கையாளர். இப்படிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அப்படியென்றால் 1987லேயே தொலைவிலுள்ள கணினியின் நிரலை நம் திரையில் பார்க்க முடிந்ததே, பிறகு வி.என்.சி. எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. எக்ஸ் முறையில் நிரலும் திரையும் ஓயாமல் பேசிக்கொள்ள வேண்டும். கோடு போடு, எழுத்துப் போடு, சுட்டி எங்கே இருக்கிறது என்று நூறு கேள்வி, நூறு பதில். கட்டடத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்கில் பரவாயில்லை, மெதுவான தொலைபேசி இணைப்பில் மூச்சு முட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, இணைப்பு அறுந்தால் நிரலும் செத்துப்போகும். பாதி எழுதிய கடிதம் போனது போனதுதான்.

இப்போது இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜுக்கு வாருங்கள். அங்கே ஒலிவெட்டி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. ஆண்டி ஹாப்பர் அதை நடத்தினார். ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்பதை அகச்சிவப்புக் கதிரால் சொல்லும் சட்டைப்பை பேட்ஜ் அங்கேதான் செய்யப்பட்டது. அந்த பேட்ஜை வைத்து, ஒருவர் போகும் அறைக்கெல்லாம் அவருடைய திரையும் பின்னாலேயே வரும்படி செய்து பார்த்தார்கள். பிறகு, தனக்கென்று கணினி எதுவும் இல்லாமல், நெட்வொர்க்கில் வருவதை மட்டும் காட்டும் ‘வீடியோடைல்’ என்ற பலகையைச் செய்தார்கள். அந்த முயற்சிகளிலிருந்து வளர்ந்ததுதான் வி.என்.சி.

அதை உருவாக்கியவர்களில் ஒருவர் க்வென்டின் ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர். இவரைப் பற்றி ஒரு சுவையான செய்தி. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக்கூடத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு காபிக் குடுவை இருந்தது. வேறு தளங்களில் இருப்பவர்கள் படி இறங்கி, படி ஏறி வந்து பார்த்தால் குடுவை காலியாக இருக்கும். அதனால் இவரும் பால் யார்டெட்ஸ்கியும் குடுவையை நோக்கி ஒரு கேமரா வைத்து, அவரவர் திரையிலேயே அது தெரியும்படி செய்தார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்துக்கு வந்து உலகப் புகழ் பெற்றது. 2001 வரை ஓடியது. படி ஏறாமல் மேலே இருப்பதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தது நான் ஒருத்தி மட்டுமல்ல என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வி.என்.சி.யின் உத்தி மிக எளிமையானது. கோடு போடு, எழுத்துப் போடு என்ற பேச்சே இல்லை. ‘திரையின் இந்த இடத்தில் இந்தப் புள்ளிகள் அடங்கிய ஒரு செவ்வகத்தை வை’ என்ற ஒரே கட்டளைதான் அடிப்படை. பார்ப்பவர் கேட்கும்போது, மாறிய பகுதி மட்டும் வரும். பார்க்கும் கருவிக்கு எந்த அறிவும் தேவையில்லை, செவ்வகம் ஒட்டத் தெரிந்தால் போதும். விண்டோஸில் பார்ப்பதற்கான நிரல் ஒரு ஃபிளாப்பியில் அடங்கிவிடும் அளவுக்குச் சிறியது. இணைப்பு அறுந்தாலும் அந்தப் பக்கம் வேலை அப்படியே நிற்கும். மறுபடி இணைந்தால், விட்ட இடத்தில் சுட்டிகூட அசையாமல் இருக்கும்.

1998இல் ட்ரிஸ்டன் ரிச்சர்ட்சன், ஸ்டாஃபோர்டு-ஃப்ரேசர், கென்னத் வுட், ஹாப்பர் ஆகிய நால்வரும் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு இலவசமாகக் கொடுத்தார்கள். அது எவ்வளவு நல்ல காரியம் என்று பிறகு தெரிந்தது. 1999இல் அந்த ஆய்வுக்கூடம் ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் கைக்குப் போனது. 2002இல் இழுத்து மூடிவிட்டார்கள். கூடம் மூடினாலும் நிரல் சாகவில்லை. அதைச் செய்தவர்களே வெளியே வந்து ரியல்வி.என்.சி. என்ற நிறுவனம் தொடங்கினார்கள். வேறு சிலர் டைட்வி.என்.சி., 2009இல் டைகர்வி.என்.சி. என்று கிளை விட்டார்கள். என் மாடிக் கம்ப்யூட்டரில் இருப்பது அந்தக் கிளைகளில் ஒன்றுதான்.

இனி என் சாம்பல் திரைக்கு வருகிறேன். லினக்ஸில் நாம் நிறுவும் வி.என்.சி. சர்வருக்கு இரண்டு முகம். நிரல்களைப் பார்த்த முகம் 1987இன் எக்ஸ். உண்மையான திரை எதுவும் இல்லாமலே ‘இதோ பலகை, வந்து எழுதுங்கள்’ என்று கற்பனைத் திரை ஒன்றை விரிக்கும். நம்மைப் பார்த்த முகம் 1998இன் வி.என்.சி. அந்தக் கற்பனைத் திரையில் இருப்பதைச் செவ்வகம் செவ்வகமாக அனுப்பும். இரண்டு கேம்பிரிட்ஜுக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை விரித்த பிறகு எந்த டெஸ்க்டாப்பை அழைப்பது என்பதை ‘எக்ஸ்ஸ்டார்ட்அப்’ என்ற சின்னக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும். என் மாணவன் சரியாகவே எழுதி வைத்திருந்தான். ஆனால் யூனிக்ஸில் ஒரு கோப்பைப் படிக்க ஒரு அனுமதி, அதில் எழுத ஒரு அனுமதி, அதை இயக்க ஒரு அனுமதி என்று மூன்று உண்டு. கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸைப் படைத்த காலத்து வழக்கம் அது. இயக்கும் அனுமதியைக் கொடுக்க அவன் மறந்துவிட்டான். அதனால் யாரும் அழைக்கப்படவில்லை, யாரும் எழுதவில்லை. சர்வர் பழுதாகவில்லை. காலியாக இருந்ததைக் காலி என்றே காட்டியது.

என் படங்கள் இருந்த இடத்துக்கும் அந்தத் திரைக்கும் சம்பந்தமே இல்லை. வட்டில் அவை பாட்டுக்குப் பத்திரமாக இருந்தன.

அவன் மறந்தது ஒரு வரி. அதையும் கணினி மறைக்கவில்லை. சர்வர் நடந்ததையெல்லாம் ஒரு லாக் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும், நம் பாடக்குறிப்பேடு மாதிரி. நான் போனில் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற வரி மாடியில் அந்தக் கோப்பில் எழுதியே இருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை. சாம்பலோ கறுப்போ, காலித் திரை வந்தால் முதலில் லாக் ஃபைலைப் பாருங்கள். அடுத்து எக்ஸ்ஸ்டார்ட்அப்புக்கு இயக்கும் அனுமதி இருக்கிறதா, அதில் எழுதிய டெஸ்க்டாப் உண்மையிலேயே நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கணினி என்றால் எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற இலேசான டெஸ்க்டாப் நல்லது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த மற்றத் தொல்லைகளையும் ஒரு நோட்டில் எழுதி, காரணம் தேடிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வருடம் இருந்தது.

இணைக்கும்போது 5901 என்று எண் கேட்பது ஏன்? எக்ஸில் திரைகளுக்கு வரிசை எண் உண்டு. கணினியின் சொந்தத் திரைதான் வழக்கமாகப் பூஜ்யம். வி.என்.சி. விரிக்கும் கற்பனைத் திரை பெரும்பாலும் ஒன்று. வி.என்.சி.யின் வாசல் எண் 5900. அதோடு திரை எண்ணைக் கூட்டினால் 5901. இரண்டாம் திரைக்கு 5902. கூட்டல் கணக்குத்தான்.

நீளமான பாஸ்வேர்ட் வைத்தேன். கடைசி எழுத்துகளைத் தப்பாக அடித்தாலும் திறந்துகொண்டது! பழைய வி.என்.சி. முறையில் முதல் எட்டு எழுத்துகள்தான் கணக்கு. அது நம்பியிருக்கும் ‘டெஸ்’ என்ற ரகசியமுறை 1977இல் அமெரிக்க அரசு தரமாக ஏற்றுக்கொண்டது. அதன் சாவி எட்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது. வி.என்.சி. வெளியான அதே 1998இல், தனியாக ஒரு இயந்திரம் செய்து 56 மணி நேரத்தில் டெஸ்ஸை உடைத்துக் காட்டினார்கள். போதாததற்கு, உள்ளே நுழைந்த பிறகு அந்த முறையில் திரைப்படம் எதுவும் மறைக்கப்படாமல்தான் போகும். ஆகவே வீட்டுக்கு வெளியே இணையத்தில் இந்த வாசலை நேராகத் திறந்து வைக்கவே கூடாது.

சர்வர் ஓடுகிறது, ஆனாலும் இணைப்பு மறுக்கப்படுகிறது. இது இன்னொரு தொல்லை. மேலே சொன்ன பயத்தால், சில லினக்ஸ்களில் சர்வர் தன் சொந்தக் கணினியிலிருந்து வரும் அழைப்பை மட்டுமே ஏற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது கோளாறு இல்லை, காவல். 1995இல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை ஒட்டுக் கேட்டுத் திருடிவிட்டார்கள். அதைப் பார்த்து அங்கிருந்த டாட்டு யுலோனென் ‘எஸ்.எஸ்.எச்.’ என்ற பாதுகாப்பான வழியைச் செய்தார். அந்த வழிக்குள்ளேயே வி.என்.சி.யைச் சுரங்கப்பாதையில் போல அனுப்பினால், கணினி அதைச் சொந்தக் கணினியின் அழைப்பாகவே எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கும். என் லேப்டாப்பிலும் இப்போது அப்படித்தான் அமைத்திருக்கிறது.

‘ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லும், ஆனால் ஓடாது. சர்வர் தொடங்கும்போது தற்காலிகக் கோப்புறையில் ஒரு பூட்டுக் கோப்பை வைக்கும். முறையாக நிறுத்தினால் எடுத்துவிடும். பாதியில் அறுந்துபோனால் பூட்டு அங்கேயே கிடக்கும். பதிவேட்டில் வந்ததற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போனதற்குப் போடாமல் ஊருக்குப் போய்விட்ட ஆசிரியரைப் போல! உண்மையிலேயே ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தப் பூட்டை எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, புது லினக்ஸ் போட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எக்ஸுக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியான் ஹோக்ஸ்பெர்க் ‘வேலேண்ட்’ என்பதைத் தொடங்கினார். மாசசூசெட்ஸில் அந்தப் பெயருள்ள ஊர் வழியாகக் கார் ஓட்டிப் போகும்போது மனதில் உருவானதாம், அதனால் அந்தப் பெயர். கதை மறுபடி அதே மாநிலத்துக்கு வந்துவிட்டது பாருங்கள். எக்ஸில் ஒரு நிரல் மற்ற நிரலின் ஜன்னலை எட்டிப் பார்க்க முடியும். வேலேண்ட் அதை அடைத்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் எதிரே உள்ள திரையைப் பார்த்து அப்படியே அனுப்பிக்கொண்டிருந்த பழைய ரிமோட் நிரல்களும் அதோடு வெளியே நின்றுவிட்டன. 2023இல் ராஸ்பெர்ரி பை கணினிகள் வேலேண்டுக்கு மாறியபோது பலருக்கு இந்த அனுபவம் கிடைத்தது. அப்படி நேர்ந்தால், உள்நுழையும் இடத்தில் எக்ஸ் வகையைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த டெஸ்க்டாப்போடு வரும் ரிமோட் வசதியையே பயன்படுத்துங்கள்.

இவ்வளவு படித்த பிறகு எனக்கு நினைவுக்கு வந்தது என் வகுப்பறைதான். பதில் சொல்லாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்தால், படிக்கவில்லை என்று உடனே முடிவு கட்டியிருக்கிறேன். பிரம்பைக்கூட எடுத்திருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். ‘சொல்லு’ என்ற அனுமதி எங்கோ தடைப்பட்டிருக்கலாம். வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். லாக் ஃபைலைத் திறந்து பார்க்காமலே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேனோ. உங்களில் யாராவது அப்படி நின்றிருந்தால், இந்த டீச்சரை மன்னித்துக்கொள்ளுங்கள்.

தம்பி, பெயர் போடவில்லை, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று சாயங்காலம் நான் சொன்னது எல்லாம் தவறு. தெரியாத வேலையில் கை வைத்தவன் நீ இல்லை. தெரியாததைப் பற்றிப் பேசியது நான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வீட்டுக்கு வா. 5901இல் உன் ஐந்தாம் வகுப்புப் படத்தைத் திறந்து வைத்திருப்பேன். முன்வரிசையில் இடது ஓரம், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறாய்.

பதிவில் பிழை இருந்தால் கணினி படித்த பிள்ளைகள் தயங்காமல் திருத்துங்கள். பழைய படங்கள் வேண்டுபவர்கள் வகுப்பும் வருடமும் கமெண்டில் போடுங்கள். மாடி ஏறாமலே எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்